இளங்கலைஞருக்கு ஓர் அழைப்பு: வகுப்பறையிலிருந்து மாவட்ட மேடைக்கு

பதின்ம வயதுப் பிள்ளைகளிடம் அவர்களுடைய கலைப் படைப்பைக் கேட்டு வரும் அரசு அழைப்புகளில் தமிழ்நாட்டில் மூன்று முக்கியமானவை. பள்ளிக் கல்வித் துறை நடத்தும் கலைத் திருவிழா ஒன்று. கலை பண்பாட்டுத் துறையின்கீழ் இயங்கும் ஜவகர் சிறுவர் மன்றத்தின் போட்டிகள் மற்றொன்று. மாவட்டக் கலை மன்றம் 18 வயதுக்கு உட்பட்ட கலைஞர்களுக்கு வழங்கும் கலை இளமணி விருது மூன்றாவது. மூன்றின் விதிகளும் வேறு வேறு. ஆனால் மூன்றுக்கும் மாவட்டமே முதற்பெரும் மேடை. சொந்தப் பள்ளிக்கும் தெருவுக்கும் வெளியே, முன்பின் அறியாதவர்கள் ஒரு பிள்ளையின் ஓவியத்தையோ ஆட்டத்தையோ முதன்முறையாகப் பார்ப்பது அங்கேதான்.

திருவண்ணாமலை போன்ற ஒரு மாவட்டத்தில் இத்தகைய அழைப்பு பலிப்பதும் பலிக்காமல் போவதும் பரிசுத் தொகையைப் பொறுத்ததல்ல. அறிவிப்பில் எந்தெந்தக் கலைகளின் பெயர் இருக்கிறது, அது எந்த ஊர்வரை போய்ச் சேருகிறது, வந்த படைப்புக்குப் பிறகு என்ன நடக்கிறது என்ற மூன்றையும் பொறுத்தது.

மாவட்டத்தின் கலை வளம்

பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தைப் பிரித்து 1989-இல் திருவண்ணாமலை மாவட்டம் உருவாக்கப்பட்டது. 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 24,64,875. ஐந்தில் நால்வர் கிராமங்களில் வாழ்பவர்கள். மாவட்டத்தின் கலை வளமும் பெரும்பாலும் கிராமங்களில்தான் இருக்கிறது.

நகரத்தின் நடுவே அருணாசலேசுவரர் கோயில். அதன் கிழக்கு ராஜகோபுரம் 11 நிலைகளும் 217 அடி உயரமும் கொண்டது. பரதக் கலையின் கரணங்களைச் சிற்பமாகக் காட்டும் தமிழகக் கோயில்கள் சிலவே. தஞ்சை, சிதம்பரம், கும்பகோணம், விருத்தாசலம் ஆகியவற்றோடு திருவண்ணாமலையும் அந்த வரிசையில் உண்டு. செங்கம் வேணுகோபால பார்த்தசாரதி கோயிலில் நாயக்கர் கால இராமாயண ஓவியங்கள் இருக்கின்றன. தூசிக்கு அருகே மாமண்டூர்க் குடைவரையில் உள்ள சிதைந்த பல்லவர் கல்வெட்டு, மத்தவிலாசம் என்ற நகைச்சுவை நாடகத்தைக் குறிப்பிடுகிறது. நாடகம், நடனம், ஓவியம், சிற்பம் நான்குக்கும் இந்த மாவட்டத்துப் பிள்ளைகள் பேருந்தில் போய்ப் பார்த்து வரக்கூடிய தொலைவில் சான்றுகள் உள்ளன.

இன்றும் உயிரோடு இருக்கும் கலைகளில் முதலிடம் தெருக்கூத்துக்கு. செய்யாறு வட்டத்துப் புரிசை கிராமம் கூத்துலகில் பெயர் பெற்றது. கண்ணப்பத் தம்பிரான் வழியில் வந்த புரிசைக் குழு கூத்தை நவீன நாடக மேடைக்கும் வெளிநாடுகளுக்கும் கொண்டு சென்றது. செய்யாறு, வந்தவாசி, ஆரணி, போளூர்ப் பக்கங்களில் திரௌபதி அம்மன் கோயில் விழாக்களில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் கூத்தும் நடக்கும். படுகளமும் தீமிதியுமாக விழா முடியும். பம்பை, கைச்சிலம்பு, பறை, நாதசுரம், தவில் ஆகியவையும் இங்கே குடும்பத் தொழிலாகவும் ஊர்க் கலையாகவும் இருக்கின்றன. ஆரணியிலும் தேவிகாபுரத்திலும் பட்டுத் தறிகள் உள்ளன. சேலைக்கு டிசைன் வரைவதும் அதைத் தறிக்கான அட்டையில் குத்துவதும் தேர்ந்த வரைகலை வேலை. ஜவ்வாது மலையில் மலையாளிப் பழங்குடியினரின் பாட்டும் ஆட்டமும் தனி மரபு.

திருவண்ணாமலை நகரில் மேடைப் பண்பாடும் உண்டு. தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கத்தின் கலை இரவுகளால் பெயர் பெற்ற ஊர்களில் இது ஒன்று. விடிய விடிய நாட்டுப்புறக் கலையும் இலக்கியப் பேச்சும் கேட்டுப் பழகிய பார்வையாளர்கள் இங்கே இருக்கிறார்கள். ஆகவே இந்த மாவட்டத்தில் கலைக்கும் குறைவில்லை, பார்ப்பவர்களுக்கும் குறைவில்லை. இரண்டையும் பதின்ம வயதில் சேர்த்து வைப்பதே அழைப்பின் வேலை.

கலைத் திருவிழா எப்படி நடக்கிறது

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான கலைத் திருவிழா 2022–23 கல்வியாண்டில் தொடங்கியது. முதல் ஆண்டில் 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை படிப்பவர்கள் பங்கேற்றனர். பின்னர் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளும் அரசு உதவிபெறும் பள்ளி மாணவர்களும் சேர்க்கப்பட்டனர். பதின்ம வயதினர் பெரும்பாலும் 9–10, 11–12 என்ற இரு பிரிவுகளில் வருகிறார்கள்.

போட்டி நான்கு படிகளில் நடக்கிறது. முதலில் பள்ளி, அடுத்து வட்டாரம், பிறகு மாவட்டம், கடைசியில் மாநிலம். திருவண்ணாமலை மாவட்டத்தில் 18 ஒன்றியங்கள் இருப்பதால், வட்டார அளவில் வென்று வரும் பிள்ளைகள் மாவட்ட மேடையில் ஒன்றுகூடும்போது ஜமுனாமரத்தூர் மாணவியும் வெம்பாக்கம் மாணவனும் ஒரே அறையில் வரைவார்கள். மாணவர்களின் பெயர்களைப் பள்ளியே ‘எமிஸ்’ எனப்படும் கல்வித் தகவல் மேலாண்மைத் தளத்தில் பதிகிறது. மாநில அளவில் சிறந்து விளங்குவோருக்குக் கலையரசன், கலையரசி பட்டங்கள் தரப்படுகின்றன.

போட்டிகள் கவின்கலை, வாய்ப்பாட்டு, கருவியிசை, நடனம், நாடகம், மொழித்திறன் என்று பெரும்பிரிவுகளாக வகுக்கப்பட்டுள்ளன. கருவியிசை மேலும் தோற்கருவி, துளைக்கருவி, தந்திக்கருவி என்று பிரிகிறது. இந்த வகுப்பு முறைக்குப் பெரிய பொருளுண்டு. தோற்கருவி என்று அறிவித்தால் மிருதங்கமும் பறையும் தவிலும் ஒரே பட்டியலில் நிற்கும். ‘கர்நாடகத் தாள வாத்தியம்’ என்று அறிவித்திருந்தால் பறை அடிக்கும் பிள்ளை வாசலிலேயே நின்றிருப்பான். எது கலை என்ற கேள்விக்கு நடுவர்கள் மதிப்பெண் போடுவதற்கு முன்பே பிரிவுப் பட்டியல் விடை சொல்லிவிடுகிறது.

ஆண்டுதோறும் ஒரு மையக்கருத்தைச் சுற்றிப் போட்டிகள் அமைவதும் உண்டு. 2024–25-இல் சுற்றுச்சூழல் பாதுகாப்பு மையக்கருத்தாக இருந்தது. மையக்கருத்து தருவதால் எல்லோரும் ஒரே தளத்தில் நிற்கிறார்கள். பழைய படத்தையே மீண்டும் வரைந்து தருவதும் குறைகிறது. ஆனால் வாசகம் பொதுவாக இருந்தால் நூற்றுக்கணக்கான தாள்களில் ஒரே பூமி உருண்டையும் ஒரே மரமும் வந்து சேரும். ‘எங்கள் ஊர் ஏரி’, ‘கிரிவலப் பாதையில் குப்பை’ என்று பிள்ளைகள் கண்ணால் கண்ட இடத்தைக் கேட்டால் ஒவ்வொரு தாளிலும் வேறு படம் வரும்.

தேசிய அளவில் இதன் இணை, 2015-இல் மத்திய அரசு தொடங்கிய கலா உத்சவ். 9 முதல் 12-ஆம் வகுப்பு வரை படிப்பவர்களுக்கான போட்டி அது. இசை, நடனம், நாடகம், காட்சிக்கலை ஆகியவற்றோடு கதைசொல்லலும் உள்நாட்டுப் பொம்மை செய்தலும் பிற்காலத்தில் அதில் இடம் பெற்றன. மண் பொம்மை செய்யும் குடும்பத்துப் பிள்ளைக்கு அந்த ஒரு பிரிவு தேசிய மேடைக்கான வழியைத் திறந்துவிட்டது.

சிறுவர் மன்றமும் கலை இளமணியும்

ஜவகர் சிறுவர் மன்றம் 5 முதல் 16 வயது வரையிலான பிள்ளைகளுக்குக் குரலிசை, பரதநாட்டியம், கிராமிய நடனம், ஓவியம் போன்றவற்றில் வார இறுதிகளில் குறைந்த கட்டணத்தில் பயிற்சி தருகிறது. அதன் போட்டிகள் மாவட்டம், மண்டலம், மாநிலம் என்று ஏறிச் செல்கின்றன. பதின்ம வயதினருக்கு உரியது 13–16 என்ற பிரிவு. அறிவிப்பு மாவட்ட நிர்வாகத்தின் செய்திக்குறிப்பாக நாளிதழ்களில் வரும். அரசுப் பள்ளி, தனியார் பள்ளி என்ற வேறுபாடு இதில் இல்லை. பாட்டிலும் நடனத்திலும் திரைப்பாடல்களை ஏற்பதில்லை என்பதும், ஓவியத்துக்கான தலைப்பு போட்டி தொடங்கும்போதே அறிவிக்கப்படும் என்பதும், தாளையும் வண்ணங்களையும் பிள்ளைகளே கொண்டுவர வேண்டும் என்பதும் பொதுவாகக் காணப்படும் விதிகள்.

கடைசி விதி சிறியதாகத் தோன்றினாலும் அதன் விளைவு சிறியதல்ல. போஸ்டர் கலர் டப்பாவும் நல்ல தூரிகைகளும் வாங்க இயலாத வீட்டுப் பிள்ளை க்ரேயானோடு வந்து உட்கார்வாள். அருகிலிருப்பவளிடம் முழு வண்ணப் பெட்டி இருக்கும். ஏற்பாட்டாளர்களே ஒரே வகைத் தாளும் அடிப்படை வண்ணங்களும் தந்துவிட்டால் போட்டி கைத்திறனுக்கு இடையில் மட்டும் நடக்கும்.

மாவட்டக் கலை மன்ற விருதுகள் வயதுவாரியாக வகுக்கப்பட்டவை. 18 வயதுக்கு உட்பட்டோருக்குக் கலை இளமணி, 19 முதல் 35 வரை கலை வளர்மணி, 36 முதல் 50 வரை கலைச் சுடர்மணி, 51 முதல் 65 வரை கலை நன்மணி, அதற்கு மேல் கலை முதுமணி. இதில் போட்டி மேடை கிடையாது. விண்ணப்பத்தோடு வயதுச் சான்றும் கலை அனுபவத்துக்கான சான்றுகளும் வைக்க வேண்டும். நிகழ்ச்சி நோட்டீசு, பெயர் வந்த செய்தித் துணுக்கு, புகைப்படம், பங்கேற்புச் சான்றிதழ் ஆகியவற்றைச் சிறு வயதிலிருந்தே ஒரு கோப்பில் சேர்த்து வைத்தவர்களுக்கே இந்த வழி எளிது. கூத்துக் குழுவோடு பத்து வயதிலிருந்து வேஷம் கட்டும் பையனிடம் அனுபவம் நிறைய இருக்கும். காகிதம் ஒன்றும் இருக்காது. அவனுக்குக் குழுவின் வாத்தியாரோ ஊராட்சித் தலைவரோ எழுதித் தரும் சான்றை ஏற்றால்தான் விருது உரியவரைச் சென்றடையும்.

மற்ற இடங்களின் அனுபவம்

பிள்ளைகளின் படைப்பைப் பெரிய அளவில் கேட்டு வாங்கும் வழக்கம் இந்தியாவில் புதிதன்று. கேலிச்சித்திரக்காரர் கே. சங்கர் பிள்ளை, தம் ‘சங்கர்ஸ் வீக்லி’ இதழின் வழியாகச் சிறுவர் ஓவிய, எழுத்துப் போட்டியை 1949-இல் டெல்லியில் தொடங்கினார். சில ஆண்டுகளிலேயே அது உலக நாடுகளின் பிள்ளைகள் பங்கேற்கும் போட்டியாக வளர்ந்தது. படைப்புகளை ஆண்டுதோறும் நூலாக்கி வெளியிட்டது அதன் சிறப்பு. பரிசு வாங்கிய படம் பீரோவுக்குள் போகாமல் அச்சில் ஏறி, மற்றப் பிள்ளைகளின் கைக்குப் போனது.

அமெரிக்காவில் ‘ஸ்கொலாஸ்டிக் கலை, எழுத்து விருதுகள்’ 1923 முதல் நடக்கின்றன. 7 முதல் 12-ஆம் வகுப்பு வரை படிக்கும் பதின்ம வயதினரின் படைப்புகள் முதலில் அந்தந்தப் பகுதியில் மதிப்பிடப்படுகின்றன. பகுதி அளவில் தங்கச் சாவி என்ற பரிசு பெற்றவை மட்டும் தேசிய மதிப்பீட்டுக்குப் போகும். பல பகுதிகளில் தேர்வான படைப்புகளைக் கொண்டு கண்காட்சியும் நடக்கிறது. ஓவியர் ஆண்டி வார்ஹோல், கவிஞர் சில்வியா பிளாத், எழுத்தாளர் ட்ரூமன் கபோட்டி ஆகியோர் பள்ளி வயதில் இவ்விருதைப் பெற்றவர்கள்.

தமிழ்நாட்டுக்கு மிக அருகிலுள்ள பாடம் கேரளத்தில் இருக்கிறது. அங்கே பள்ளிக் கலோத்சவம் 1957-இல் எர்ணாகுளத்தில் சுமார் 200 மாணவர்களோடு தொடங்கியது. இன்று ஆயிரக்கணக்கான பிள்ளைகள் பங்கேற்கும் மாநிலத் திருவிழா அது. அதிகப் புள்ளி பெறும் மாணவருக்குக் கலாபிரதிபா, மாணவிக்குக் கலாதிலகம் என்ற பட்டங்கள் 1986 முதல் தரப்பட்டன. பட்டத்துக்காகப் பெற்றோர்களிடையே போட்டி மூண்டது. உடைக்கும் பயிற்சிக்கும் பெருஞ்செலவு ஆனது. முடிவுகளை எதிர்த்து மேல்முறையீடுகளும் நீதிமன்ற வழக்குகளும் பெருகின. 2006-இல் அந்தப் பட்டங்கள் கைவிடப்பட்டு, தரநிலை வழங்கும் முறை நிலைபெற்றது. குறித்த தரத்தை எட்டிய எல்லோருக்கும் ‘ஏ’ நிலை கிடைக்கும். கலையரசன், கலையரசி பட்டங்களை வழங்கும் தமிழ்நாட்டுத் திருவிழா இன்னும் இளையது. கேரளத்தின் இருபதாண்டு அனுபவம் அதற்கு முன்னோட்டமாக இருக்கிறது.

அறிவிப்பில் என்ன இருக்க வேண்டும்

மாவட்ட அளவில் ஒரு காட்சிக்குப் படைப்புகளை அழைக்கும் பள்ளியோ சங்கமோ அமைப்போ, அறிவிப்பைத் தயாரிக்கும்போதே பாதி வேலையை முடித்துவிடலாம். வயது எந்தத் தேதியில் கணக்கிடப்படும், பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகளும் அனுப்பலாமா, ஒருவர் எத்தனை படைப்பு தரலாம், தாளின் அளவு என்ன, மேடை நிகழ்ச்சிக்கு எத்தனை நிமிடம், கடைசி நாள் எது, படைப்பு திரும்பக் கிடைக்குமா ஆகிய ஏழுக்கும் விடை ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும். பள்ளி வழியாக மட்டுமே வரும் அழைப்பு, பத்தாம் வகுப்போடு நின்று தறியிலோ செங்கல் சூளையிலோ வேலைக்குப் போன பதினேழு வயதுக்காரரை எட்டாது. சிறுவர் மன்றத்தைப் போல வயதை மட்டும் அளவாகக் கொண்டால் எட்டும்.

நேர வரம்பை எல்லாக் கலைக்கும் ஒன்றாக வைப்பது நடைமுறைக்கு எளிது. ஆனால் கலைக்கு அது பொருந்துவதில்லை. மெல்லிசைப் பாட்டு ஐந்து நிமிடத்தில் முடியும். கூத்தில் ஒரு முதன்மைப் பாத்திரம் திரைக்குப் பின்னிருந்து பாடி, அடவு போட்டு, திரை விலகிச் சபைக்கு வருவதற்கே அதைவிட நேரம் ஆகும். ‘ஒரு வேஷத்தின் வருகை’ என்பதை அலகாகக் கொண்டு பத்துப் பன்னிரண்டு நிமிடம் கொடுத்தால் கூத்து கூத்தாகவே மேடையேறும். இல்லாவிட்டால் கிரீடமும் புஜக்கட்டையும் அணிந்த நடனம் மட்டுமே மிஞ்சும்.

பெண் பிள்ளைகளுக்கு அறிவிப்பில் வெளிப்படையான அழைப்பு இருப்பது நல்லது. கூத்து நெடுங்காலம் ஆண்கள் மட்டுமே ஆடிய கலை. காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் தமிழ்நாடு கட்டைக்கூத்துச் சங்கம் 2002 முதல் 2020 வரை நடத்திய குருகுலம், பள்ளிப் படிப்போடு கூத்தையும் சேர்த்துச் சிறுவர், சிறுமியர் இருபாலருக்கும் கற்பித்தது. பெண் பிள்ளைகள் துரியோதனனாகவும் கர்ணனாகவும் கட்டை கட்டி ஆட முடியும் என்று அது காட்டியது. ‘மாணவர்கள்’ என்று பொதுவாக எழுதினால் கூத்துப் பிரிவுக்குப் பையன்கள் மட்டுமே வருவார்கள். ‘மாணவியரும் வேஷம் கட்டலாம்’ என்று ஒரு வரி சேர்த்தால் நிலைமை மாறும்.

சொந்தப் படைப்பு என்ற நிபந்தனையை விளக்கமாகச் சொல்ல வேண்டும். கைபேசியில் கண்ட படத்தை அப்படியே பார்த்து வரைவது பயிற்சிக்கு நல்லது, போட்டிக்கு ஏற்றதல்ல. செயற்கை நுண்ணறிவுச் செயலி உருவாக்கிய படத்தையும் கவிதையையும் பல போட்டிகள் ஏற்பதில்லை. ஸ்கொலாஸ்டிக் விருதுகளும் அவற்றைத் தடை செய்துள்ளன. ஐயம் வந்தால் முதல் நிலைக் கோட்டோவியத்தையோ அடித்துத் திருத்திய கையெழுத்துப் படியையோ காட்டச் சொல்வது எளிய வழி. பிள்ளையைக் குற்றவாளியாக நிறுத்தாமலே உண்மை தெரிந்துவிடும்.

படைப்பைத் தயார் செய்தல்

ஓவியத்தில் தாளின் அளவு முதல் விதி. அளவு மீறிய படம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் தள்ளப்படும். மெல்லிய சார்ட் தாளில் வாட்டர் கலர் பூசினால் தாள் சுருங்கி அலையலையாகும்; தடித்த ஓவியத் தாளே ஏற்றது. பென்சில், சுண்ணக்கோல் படங்கள் கை பட்டுக் கலையும். மேலே ஒரு வெற்றுத்தாள் வைத்து மூடி அனுப்ப வேண்டும். பெயர், வகுப்பு, ஊர், தலைப்பு, பயன்படுத்திய வண்ணம் ஆகியவற்றைப் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதுவது வழக்கம். முன்பக்கம் பெயர் இல்லாமல் இருந்தால் நடுவருக்குத் தயக்கம் இல்லை. படத்தைச் சுருட்டாமல் இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்துக் கட்டினால் மடிப்பு விழாது.

படத்தின் ஒளிப்படம் கேட்கப்பட்டால், வெயில் நேராக விழாத திண்ணையில் காலை வெளிச்சத்தில் படத்தைச் சுவரில் சாய்த்து, கைபேசியை அதற்கு நேர் எதிரே பிடித்து எடுக்க வேண்டும். ஃப்ளாஷ் போட்டால் போஸ்டர் கலர் பளபளத்து நிறம் மாறும். அழகூட்டும் ஃபில்டர்களைத் தவிர்ப்பது நல்லது. களிமண் சிற்பத்துக்கு முன், பக்கம், பின் என மூன்று படங்கள் தேவை. பச்சை மண் காயும்போது வெடிப்பதால், நிழலில் மெல்லக் காயவிட்ட பிறகே கொண்டு செல்ல வேண்டும்.

பாட்டு, கருவி, ஆட்டம் ஆகியவற்றுக்குக் காணொளி கேட்டால் கைபேசியைக் கிடைமட்டமாக நிறுத்தி, ஒரே இடத்திலிருந்து, வெட்டாமல் ஒட்டாமல் ஒரே ஓட்டமாக எடுக்க வேண்டும். ஆட்டக்காரரின் பாதம் சட்டகத்துக்கு வெளியே போனால் அடவை மதிப்பிட முடியாது. பறை, பம்பை போன்ற உரத்த கருவிகளுக்குக் கைபேசியைச் சற்றுத் தள்ளி வைத்தால் ஒலி பிசிறாது.

கதை, கவிதை எழுதும் பிள்ளைகளுக்கு இன்னொரு வழியும் உண்டு. பள்ளிக் கல்வித் துறை 2022 முதல் வெளியிடும் ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ இதழ்கள் மாணவர்களின் எழுத்தையும் ஓவியத்தையும் ஏற்கின்றன. ‘தேன்சிட்டு’ 6 முதல் 9-ஆம் வகுப்பு வரை படிப்பவர்களுக்கானது. காட்சிக்கு அனுப்புவதற்கு முன் அத்தகைய இதழுக்கு எழுதிப் பழகியவர்களின் கை தெளிந்திருக்கும்.

உரிமை, ஒப்புதல், பாதுகாப்பு

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன்படி, ஒரு படைப்பின் முதல் உரிமையாளர் அதைப் படைத்தவரே. அவர் பதினான்கு வயதுப் பிள்ளையாக இருந்தாலும் அதுவே விதி. ஓவியத்தாளை வாங்கிக்கொள்வதால் மட்டும் அந்தப் படத்தை நாட்காட்டியில் அச்சிடும் உரிமை ஏற்பாட்டாளருக்கு வந்துவிடாது. அதற்குத் தனி அனுமதி வேண்டும். 18 வயது நிறையாதவர் செய்யும் ஒப்பந்தம் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின்படி செல்லாது என்பதால், அனுமதிப் படிவத்தில் பெற்றோரோ பாதுகாவலரோ கையெழுத்திட வேண்டும். ‘அனுப்பப்படும் படைப்புகள் யாவும் ஏற்பாட்டாளருக்கே சொந்தம்’ என்ற வரி சில அறிவிப்புகளில் வழக்கமாக வந்துவிடுகிறது. காட்சியில் வைக்கவும் மலரில் அச்சிடவும் மட்டும் அனுமதி கேட்பதே நியாயம்.

பெயர்ப்பலகையில் பிள்ளையின் பெயர், வயது, பள்ளி அல்லது ஊர் இருந்தால் போதும். கைபேசி எண்ணும் வீட்டு முகவரியும் காட்சியிலோ சமூக ஊடகப் பதிவிலோ வரக்கூடாது. 2023-ஆம் ஆண்டு எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்ட அனைவரையும் குழந்தைகளாகக் கொண்டு, அவர்களைப் பற்றிய தரவுகளைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது.

நாளும் தொலைவும்

திருவண்ணாமலையில் எந்த நிகழ்ச்சிக்கும் முதலில் பஞ்சாங்கத்தைப் பார்க்க வேண்டும். பௌர்ணமி கிரிவலத்தன்று 14 கிலோமீட்டர் மலைப்பாதை நிறைந்துவிடும். வெளியூர்ப் பேருந்துகளில் இடம் கிடைக்காது. கார்த்திகை தீபத்தை ஒட்டிய நாட்களில் நகரமே பக்தர்கள் கையில் இருக்கும். டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு, மார்ச்சில் பத்து, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு. பங்குனி முதல் ஆடி வரை பாரதக் கூத்துக் காலம் என்பதால் கூத்து, பம்பைக் குடும்பத்துப் பிள்ளைகள் இரவு முழுதும் வேறு ஊர்களில் இருப்பார்கள். இவற்றையெல்லாம் கழித்தால் ஆவணி முதல் ஐப்பசியின் முற்பகுதி வரையிலான நாட்களும் பொங்கலை ஒட்டிய இரு வாரங்களும் மிஞ்சும்.

மாவட்டத்தின் பரப்பு 6,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். செய்யாற்றிலிருந்து நகருக்குப் பேருந்தில் வருவதற்கே இரண்டு மணி நேரத்துக்கு மேலாகும்; ஜவ்வாது மலையிலிருந்து இன்னும் கடினம். காலை எட்டு மணிக்குப் பதிவு என்றால் தொலைவிலுள்ள பிள்ளை முந்தின நாளே வந்து தங்க வேண்டியிருக்கும். வருவாய்க் கோட்டங்களான செய்யாறு, ஆரணி, திருவண்ணாமலை மூன்றிலும் படைப்புகளைப் பெற்று, தேர்வானவற்றை மட்டும் நகருக்குக் கொண்டுவருவது செலவையும் அலைச்சலையும் குறைக்கும். பயணப்படியை முன்கூட்டியே தருவது, பிறகு ரசீது காட்டி வாங்கிக்கொள்ளச் சொல்வதைவிட ஏழைக் குடும்பங்களுக்கு உதவும்.

தேர்வும் காட்சியும்

நடுவர் குழுவில் கலை அறிந்தவர்கள் இருப்பது போதாது; அந்தந்தக் கலையை அறிந்தவர்கள் வேண்டும். கூத்துக்கு ஒரு வாத்தியார், பறைக்குக் கலைஞர், பட்டு டிசைனுக்கு அனுபவமுள்ள நெசவாளர் என்று இந்த மாவட்டத்திலேயே ஆட்கள் கிடைப்பார்கள். நடுவரின் மாணவர் போட்டியில் இருந்தால் அந்தப் பிரிவிலிருந்து அவர் விலக வேண்டும். கருத்து, கைத்திறன், புதுமை, முழுமை என்று அளவுகோல்களை முன்பே அறிவித்து, தேர்வாகாதவர்களுக்கும் இரண்டு வரிக் குறிப்பு எழுதித் தந்தால், அடுத்த ஆண்டு அவர்கள் மீண்டும் வருவார்கள்.

காட்சி என்பது பரிசளிப்பு விழாவின் பின்சுவராக இருக்கக்கூடாது. மாவட்டப் புத்தகத் திருவிழா, மாவட்ட மைய நூலகம், பள்ளிக் கூடம் என்று மக்கள் தாமாகவே வரும் இடத்தில் சில நாட்களாவது படைப்புகள் இருக்க வேண்டும். படங்களைப் பெரியவர்களின் கண்மட்டத்துக்கு வைத்து, பக்கத்தில் பிள்ளை தன் சொற்களில் எழுதிய மூன்று வரி விளக்கத்தை ஒட்டினால் பார்ப்பவர்கள் நின்று படிப்பார்கள்.

பரிசுக்குப் பிறகு எங்கே போவது என்பதையும் அந்த மேடையே சொல்லலாம். திருவண்ணாமலையில் உள்ள மாவட்ட அரசு இசைப்பள்ளியில் மூன்றாண்டுப் படிப்பு உண்டு. நாதசுரம், தவில், தேவாரம் படிக்க எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும், குரலிசை, பரதம், வயலின், மிருதங்கத்துக்கு 7-ஆம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். வரைபவர்கள் அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் தொழில்நுட்பத் தேர்வில் ஓவியத்தில் லோயர், ஹையர் எழுதலாம். ஓவிய ஆசிரியர் பணிக்கு அவை அடிப்படை. பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின் கலைக் கல்லூரிகள் உள்ளன; சென்னைக் கல்லூரியின் தொடக்கம் 1850. கோயில் சிற்பமும் மரபுக் கட்டடக் கலையும் கற்க மாமல்லபுரத்தில் அரசுக் கல்லூரி இருக்கிறது. மாவட்டக் காட்சியில் பெற்ற சான்றிதழும் அங்கே சேர்த்த படைப்புக் கோப்பும் இந்த விண்ணப்பங்களோடு போகும் முதல் ஆவணங்கள்.